ஆனை வாசல் கிட்டங்கி

வெள்ளிக்கிழமை எந்திரம் லாரியில் வந்து இறங்கிவிடும். அன்று புதன். கடலை உடைக்கும் அந்த எந்திரத்தை இறக்கி வைக்க மலையாண்டிக்கு இன்னும் ஒரு கூரை அமையவில்லை. இருபத்திரண்டு வருஷம் மண்டிகளில் மூட்டை சுமந்தவன், கூடச் சுமந்த நான்கு பேரைச் சேர்த்துக்கொண்டு சொந்தமாக மில் போடக் கிளம்பியிருந்தான். இடம் இல்லையென்றால் எந்திரம் வேறு ஆளுக்குப் போய்விடும். ஐந்து பேரும் மறுபடி மண்டி வாசலில் போய் நிற்க வேண்டியதுதான்.

காலையிலிருந்து தரகர் நாகநாதன் செக்காலைப் பக்கம் இரண்டு இடம் காட்டிவிட்டார். ஒன்றில் வெறுங்காலை வைத்ததுமே ஓதம் உள்ளங்காலில் ஏறியது. கடலை பத்து நாளில் பூசணம் பூத்துவிடும். இன்னொன்றில் லாரி திரும்ப வழியில்லை.

"கடைசியா ஒண்ணு கெடக்கு. ஆனா ஒருத்தனும் அதுல நிலைக்கலை," என்றார் நாகநாதன், சைக்கிளை உருட்டிக்கொண்டே. "ஆனை வாசல் கிட்டங்கி. தேனம்மை ஆச்சியோட அப்பச்சி, அதான் அவுக அப்பா, பர்மாவுலேருந்து வந்து சரக்கு அடுக்கக் கட்டுனது."

"ஏண்ணே நிலைக்கலை?"

"வாசலு! அளவு தெரியாம எட்டடிக்கு மேல வச்சுப்புட்டாரு மனுசன். ஊரே சிரிச்சுச்சு. மேல ரெண்டடி அடைச்சுக்கிறோம் ஆச்சின்னு எவன் கேட்டாலும் சாவியைப் பிடுங்கிட்டு அனுப்பிருது. நீ பக்குவமாக் கேளு. அடைக்காம எடுத்தேன்னா சாரல்ல சரக்குப் போயிரும்."

கிட்டங்கிக்கு முன்னால் நெல் மூட்டை ஏற்றிய மாட்டுவண்டி ஒன்று நின்றது. பக்கத்தில் மூட்டைகளைக் கணக்குப் பார்த்தபடி நின்றிருந்தார் தேனம்மை ஆச்சி. நாற்பது, நாற்பத்தைந்து வயதிருக்கும்.

"வாங்க தரகரே. இவுகளும் செங்கலோடதான் வந்துருக்காகளா?"

"இல்ல ஆச்சி, கடலை மில்லு போடுறாப்ல. நல்ல ஆளு."

கதவு திறந்தது. மலையாண்டி கேட்க வந்ததை மறந்து உள்ளே நுழைந்தான்.

ஒருவன் கட்டிப்பிடித்தால் கை எட்டாத தேக்குத் தூண்கள் இரண்டு வரிசையாக உள்ளே போய்க்கொண்டே இருந்தன. கடைசித் தூண் இருட்டில் எங்கேயோ நின்றது. ஓட்டுக்கு நடுவே பதித்த கண்ணாடி வழியாக வெயில் பட்டை பட்டையாக இறங்கியது. அவன் அண்ணாந்து பார்த்தான். கோயிலில்கூட இவ்வளவு நேரம் அவன் மேலே பார்த்ததில்லை. தலையில் சுமை இருப்பவன் எங்கே மேலே பார்ப்பது?

காலால் தரையைத் தடவினான். கல் காய்ந்து கிடந்தது. வாசலிலிருந்து ஆறடிக்கு மட்டும் தரை லேசாக வெளிப்பக்கம் சரிந்திருந்தது. உள்ளே விழும் சாரல் வந்த வழியே ஓடிப்போகும்.

"கேளப்பா," என்று நாகநாதன் விலாவில் இடித்தார்.

"ஆச்சி," என்றான் மலையாண்டி. "வண்டியில இருக்க மூடையில ஒண்ணத் தூக்கிக்கிறட்டா?"

"எதுக்கு?"

"நடந்து பாக்கணும்."

நாகநாதன் தலையில் கை வைத்துக்கொண்டார். "இடம் பாக்க வந்தவன் மூடை தூக்குறேங்கிறான். பழக்கதோஷம் ஆச்சி, மன்னிச்சுக்கிருங்க."

வண்டிக்காரர் ஒரு பக்கம் பிடித்து ஏற்றிவிட்டார். சும்மாட்டின் மேல் நெல் மூட்டை அழுத்த, மலையாண்டி வாசலை நோக்கி நடந்தான். நிலை நெருங்கியதும் அவன் முழங்கால் தானாக மடங்கியது. இருபத்திரண்டு வருஷமும் எத்தனையோ வாசலில் மடங்கிய முழங்கால். மூட்டை எதிலும் உரசவில்லை.

வெளியே வந்து மறுபடி நடந்தான். இந்த முறை நிமிர்ந்தபடியே. அப்போதும் உரசவில்லை. மூட்டையை இறக்கிவிட்டுத் திரும்பி நிலையின் மேல்சட்டத்தைப் பார்த்தான். உட்புறம், ஒட்டடைக்குப் பின்னால், உளியால் கொத்திய எழுத்துகள்.

முப்பத்தைந்து வயதில் இரவுப் பள்ளியில் கற்ற எழுத்து. ஒவ்வொன்றாகக் கூட்டினான்.

"ஆ... ள். மூ... டை. ஒரு... சா... ண்."

"என்னது?" என்று ஆச்சி கிட்டே வந்தார். "ஆசாரி பேருன்னுல்ல இத்தனை நாளும் நெனச்சேன்."

"அளவு ஆச்சி. ஒரு ஆளு, அவன் தலையில ஒரு மூடை, அதுக்கு மேல ஒரு சாண். அளவு தெரியாம வைக்கலை உங்க அப்பச்சி. எங்களை நிக்கவச்சு அளந்துருக்காக."

ஆச்சி மேல்சட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பச்சி ரங்கோன் துறைமுகத்துல மொதல்ல மூடைதான் தூக்குனாகளாம்," என்றார் மெதுவாக. "ஊருக்குள்ள அதைச் சொல்ல வீட்டுல விடமாட்டாக." பிறகு நாகநாதனிடம் திரும்பினார். "இங்குட்டு இனிமே ஆள் கூட்டிட்டு வராதீக. இடம் போயிருச்சு."

முழ நீளச் சாவி மலையாண்டியின் கைக்கு வந்தது. லாரிக்காரனுக்குத் தகவல் சொல்ல அவன் விறுவிறுவென்று கிளம்பினான். வாசலில் முழங்கால் மறுபடி மடங்கியது.

"ஏப்பா," என்று பின்னாலிருந்து ஆச்சியின் சிரிப்பு வந்தது. "இப்பத் தலையில என்ன இருக்கு?"

மலையாண்டி நின்றான். திரும்ப உள்ளே போய், இன்னொரு தடவை வெளியே வந்தான்.