மூட்டைக்காரனை யாரும் எடுக்கவில்லை

1

“புதுசா வந்தவனை மட்டும் ஏன் மாமா எல்லாரும் திட்டறாங்க?”

கேட்டது என் தங்கை மகள். கணினித் திரையில், ஒரு சண்டை விளையாட்டில், இரண்டு பேர் அடித்துக்கொண்டிருந்தார்கள். அது அவளை உறுத்தவில்லை. திரையோரத்தில் எழுத்தாக ஓடிய ரசிகர்களின் வசைதான் உறுத்தியது. விளையாட்டுதானே என்று சமாளித்தேன். அந்தச் சமாளிப்பு என்னைத் தூங்கவிடாததால் இந்தக் கதை.

2

முதல் தொடக்கம்: ‘சண்டை விளையாட்டில் ஒரு புதுப் பாத்திரம் ரசிகர்களுக்குப் பிடித்துப்போக மூன்று காரணங்கள்…’

(கட்டுரை வாடை. தவிர, மூன்றாவது காரணம் எனக்குத் தெரியாது.)

இரண்டாவது தொடக்கம்: சண்டை விளையாட்டு தயாரிக்கும் ஓர் அலுவலகம். அங்கே ஒருவருக்கு ‘நிதானம்’ என்று பட்டப்பெயர். அவர் உருவாக்கிய புதுப் பாத்திரம் மூட்டைக்காரன். முதுகில் சுமக்கும் மூட்டைதான் ஆயுதம். வெளிவந்த வாரமே ரசிகர்கள் பிரித்து மேய்ந்தார்கள். இவன் மூட்டையை ஓங்குவதற்குள் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்துவிடலாம் என்று ஒருவர் எழுத, ஊரே சிரித்தது. மாதக் கடைசிவரை இப்படியே யாரும் எடுத்து ஆடாவிட்டால் அவனை நீக்கிவிடுவதாக மேலாளர் சொல்லிவிட்டார்.

“மூட்டையை எடுத்துட்டா வேகமா ஆடுவானே, அண்ணே?” என்றாள் பக்கத்து மேசைக்காரி.

“எடுத்துட்டா அப்புறம் அவன் யாரும்மா?”

3

பக்கத்து மேசைக்காரியை நான் முதலில் நம்பவில்லை. ரசிகர்களின் இன்றைய செல்லமான சாட்டைக்காரி அவள் உருவாக்கியவள். ஆகவே அவள் உள்ளூர மகிழ்ந்து…

(நிறுத்திவிட்டேன். பொறாமையை எழுதுவது சுலபம், அதனாலேயே சந்தேகம்.)

சாட்டைக்காரியும் வந்த புதிதில் வசை வாங்கியவள்தான். அப்போது நிதானம் தினமும் வேலை முடிந்ததும், சொந்தப் பெயரில், எல்லோரும் பார்க்க, அவளை எடுத்து ஆடித் தோற்றார். கேலி செய்ய வந்தவர்கள் அவளை ஆடக் கற்றுக்கொண்டு போனார்கள். அவர் அதைப் பற்றிப் பேசியதில்லை. பக்கத்து மேசைக்காரி நன்றி சொன்னதுமில்லை. சொன்னால் கூச்சப்பட்டு எழுந்து போய்விடுவார்.

4

ஒரு முடிவில் ரசிகர்கள் மனம் திருந்துகிறார்கள். (இறைவனை நம்புகிறவன் நான். ஆனாலும் இது கொஞ்சம் அதிகம்.) இன்னொன்றில் மூட்டைக்காரனை நீக்கிவிடுகிறார்கள். (நடக்கக்கூடியது. எழுதக் கை வரவில்லை.)

ஒரு பாத்திரம் ஏன் பிடித்துப்போனது என்பதற்குக் கண்ணின் சோகம், நடையின் மிடுக்கு என்று ரசிகர்கள் பக்கம் பக்கமாகக் காரணம் எழுதுவார்கள். எனக்குத் தோன்றுவது வேறு. நம்மை நாளெல்லாம் தோற்கடித்தவரை யார் வீழ்த்துகிறாரோ, அவரை நமக்குப் பிடித்துவிடுகிறது. சோகக் கண்ணெல்லாம் பிறகுதான் தெரிகிறது.

5

மூட்டைக்காரன் பிழைத்தானா என்பதை உங்களிடமே விடுகிறேன். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

எல்லோரும் சாப்பிடப் போயிருந்த மதியம், பக்கத்து மேசைக்காரி சாட்டைக்காரியைத் திரைக்குக் கொண்டுவந்தாள். தன் பாத்திரத்தைத் திருத்த அவள் யாரையும் கேட்க வேண்டியதில்லை. வீசிய சாட்டை கைக்குத் திரும்புவதை இமைப்பொழுது தாமதமாக்கினாள். அந்த இடைவெளியில், அவ்வளவு தூரத்திலிருந்து சாட்டைக்காரியை எட்டக்கூடியது, முன்பே ஓங்கத் தொடங்கிய மூட்டை ஒன்றுதான்.

மூட்டைக்காரனை எடுத்து ஒருமுறை ஆடிப் பார்த்தாள். அவள் வளர்த்தவள் அவள் கையாலேயே விழுந்தாள்.

நாளை தன் ரசிகர்கள் என்னென்ன சொல்லித் திட்டுவார்கள் என்று அவளுக்குத் தெரியும். ரசிகர்களுக்கு வெளியிடும் மாற்றக் குறிப்பில் ‘சிறு திருத்தம்’ என்று மட்டும் எழுதிவிட்டுச் சாப்பிடப் போனாள். நிதானம் சற்று நகர்ந்து அவளுக்கு இடம் விட்டார்.