யார் போடச் சொன்னது?

ஊரில் அவரை நாய் டாக்டர் என்பார்கள். கேலியில்லை, உள்ளதைத்தான் சொன்னார்கள். பதினோரு வருஷமாக அவர் கிளினிக்குக்கு வந்ததெல்லாம் நாயும் பூனையும்தான், எப்போதாவது ஒரு கிளி. மாட்டைத் தொட்டது படிப்போடு சரி.

ஆனால் ஆறு கரையை உடைத்துத் தாழ்வான தெருக்களை முழுங்கியபோது, மிருகங்களுக்கு வைத்தியம் பார்க்க முதல் ஆளாகக் கிளம்பியவர் அவர்தான். அதை மறைக்கக் கூடாது. கிளினிக்கில் ஒன்பது வருஷமாகக் கூடவே இருந்த உதவியாளர் அக்காவும் மருந்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்துவிட்டார்.

பஸ்களை மேட்டுக்குக் கொண்டுபோயிருந்ததால் பஸ் பணிமனை காலியாக இருந்தது. மிருகங்களுக்கான முகாமை அங்கேதான் போட்டார்கள். பழுது பார்க்கும் பள்ளங்களைப் பலகை போட்டு மூடி, ஒரு பக்கம் நாய்களையும் மறுபக்கம் ஆடு மாடுகளையும் கட்டினார்கள். டீசல் கறையும் சாணமும் சேர்ந்து தரை கால் வைத்தால் வழுக்கியது. இரண்டு நாள் டாக்டர் உட்காரவே இல்லை. காயத்துக்கு மருந்து போட்டார், தையல் போட்டார், ஊசி போட்டார். போகிற வருகிறவர்களெல்லாம் கையெடுத்துக் கும்பிட்டார்கள். கும்பிட்டுக் கும்பிட்டே மனுஷனைக் கெடுத்துவிடலாம் போலிருக்கிறது.

மூன்றாம் நாள் மத்தியானம் ஒரு பேக்கரிக்காரர் வேன் நிறைய ரொட்டி கொண்டுவந்து இறக்கினார். கரண்ட் இல்லை, வைத்தால் கெட்டுவிடும், மாட்டுக்காவது ஆகட்டும் என்றார். பால்காரரின் நாலு மாடுகளும் இரண்டு நாளாக ஈர வைக்கோலைத்தான் முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தன.

அக்கா ஒரு மூட்டையைப் பிரித்துவிட்டுத் தயங்கினார். "சார், பழக்கமில்லாத தீனி. மாட்டுக்கு ரெண்டு ரெண்டு போட்டுப் பாக்கலாமா?"

"பசியில நிக்குதுக்கா. வயிறு நிறையப் போடுங்க. நான் சொல்றேன்ல?"

சார் சொன்னால் சரி என்பது அக்காவுக்கு ஒன்பது வருஷப் பழக்கம். போட்டார். டாக்டர் தன் கையாலும் நாலு ரொட்டி ஊட்டினார். அதை யாரோ போட்டோ எடுத்துக் கொடுக்க, சாயங்காலத்துக்குள் அவர் மனைவி அதைச் சொந்தபந்தம் எல்லோருக்கும் அனுப்பிவிட்டாள்.

மறுநாள் காலையில் சிவப்புப் பசு எழுந்திருக்கவில்லை. இடது வயிறு மத்தளம் மாதிரி உப்பியிருந்தது. பின்னால் புளித்த நாற்றத்தோடு தண்ணியாகப் போயிருந்தது. பால்காரர் ஓடிவந்து டாக்டரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

பார்த்த நிமிஷமே டாக்டருக்குப் புரிந்துவிட்டது. மாவுத் தீனி அளவுக்கு மிஞ்சினால் மாட்டின் வயிற்றில் புளித்து விஷமாகும் என்று படித்த பக்கம், படத்தோடு கண்முன்னே வந்து நின்றது. உடனே வயிற்றுக்குள் குழாய் விட்டுச் சோடா உப்பைக் கரைத்து ஊற்ற வேண்டும். குழாய் வேண்டுமென்று கேட்டால் ஏன் என்று கேட்பார்கள்.

"தண்ணில நின்ன குளிர்தான். சாக்கு போட்டு மூடுங்க, பாக்கலாம்" என்றார்.

பார்த்தார்கள். இரண்டு மணி நேரம் பார்த்தார்கள். மற்ற மூன்றும் தள்ளாட ஆரம்பித்ததும் யாரோ பக்கத்து ஊர் மாட்டு டாக்டரம்மாவுக்குப் போன் போட்டார்கள். முழங்கால்வரை சேற்றோடு அந்தம்மா வந்து இறங்கியபோது சிவப்புப் பசுவின் கழுத்து ஒரு பக்கமாக மடங்கியிருந்தது.

டாக்டரம்மா சாணத்தை விரலால் எடுத்து முகர்ந்தார். "என்ன தின்னுச்சு?"

"ரொட்டிங்க" என்றார் பால்காரர்.

"ரொட்டியா? யார் போடச் சொன்னது?"

டாக்டர் வாயைத் திறந்தார். ஒரு வார்த்தை, 'நான்'. அதைச் சொல்ல எவ்வளவு நேரமாகும்? அதற்குள் பால்காரரின் கண் அக்காவிடம் போய்விட்டது.

"இவங்கதாம்மா போட்டாங்க. மூட்டை மூட்டையா. என் கண்ணாலேயே பாத்தேன்!"

"கேக்காம கொள்ளாம எதையாவது போட்டுடறதா? நாய்க்குச் சோறு வைக்கறதுன்னு நினைச்சீங்களா?" என்று டாக்டரம்மா எரிந்து விழுந்தார்.

அக்கா டாக்டரைப் பார்த்தார். டாக்டர் குனிந்து மருந்துப் பெட்டியில் எதையோ தேடினார். அக்கா காலி ரொட்டி மூட்டையை மடித்துக் கையில் எடுத்துக்கொண்டார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது இதுதான்.

சிவப்புப் பசு பன்னிரண்டு மணிக்குச் செத்தது. பால்காரர் அதன் நெற்றியில் கை வைத்தபடி உட்கார்ந்துவிட்டார். டாக்டர் அப்போது என்ன செய்தார் தெரியுமா? சுவரோரம் ஒதுங்கி மனைவிக்குப் போன் போட்டு, "அந்த ரொட்டி போட்டோவ அழிச்சிடு, எல்லா இடத்துலயும் அழிச்சிடு" என்றார். போனை வைத்த பிறகுதான், தான் செய்தது தனக்கே உறைத்தது.

மற்ற மூன்றுக்கும் டாக்டரம்மா மருந்து ஊற்றிக்கொண்டிருந்தார். அக்காவை மாடுகள் பக்கம் வர வேண்டாமென்று சொல்லிவிட்டார்கள். அவர் நாய்களின் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தார். டாக்டர் அங்கே போய் நின்றார்.

"மனசுல வச்சுக்காதீங்கக்கா."

"என் மனசுல என்ன சார் இருக்கு?" அக்கா தலை நிமிரவில்லை. "உங்க மனசுல இருக்கறத எங்க கொண்டுபோய் வைக்கப் போறீங்க?"

அன்று ராத்திரி அவர் தன் சாப்பாட்டை நாய்களுக்கு வைத்துவிட்டார்.

காலை எட்டு மணிக்கு வேலை பிரித்துக் கொடுக்க எல்லோரும் கூடுவது வழக்கம். மறுநாள் இருபது பேர் இருந்தார்கள். பால்காரரும் ஓரமாக நின்றார். டாக்டர் எழுந்து நின்று, தரையைப் பார்த்தபடியே சொன்னார்: "ரொட்டி போடச் சொன்னது நான். அக்கா கொஞ்சமா போடலாம்னுதான் சொன்னாங்க. நான் கேக்கல. நேத்து காலைல பாத்ததும் எனக்குத் தெரிஞ்சுபோச்சு. குளிருன்னு பொய் சொன்னேன். அந்த ரெண்டு மணி நேரம் வீணாப் போனதும் என்னாலதான்."

பால்காரர் அடிப்பார் என்று டாக்டர் எதிர்பார்த்தார். அடித்திருந்தால் தேவலை. அவர் வெறுமனே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "மீதி மூணையும் அந்தம்மா பாத்துப்பாங்க இல்ல?" என்று கேட்டார்.

"பாத்துப்பாங்க."

"சரி. நீங்க கிட்ட வராதீங்க."

பிறகு பால்காரர் அக்காவிடம் போனார். "ஏம்மா, நீயாவது சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா நம்பியிருப்பீங்களா?"

பால்காரர் தலையைச் சொறிந்தார். "நம்பியிருக்க மாட்டேன்தான்" என்றார்.

முகாம் கலையும்வரை இன்னும் ஆறு நாள் டாக்டர் அங்கேதான் இருந்தார். நாய்களுக்கு மருந்து போட்டார். மிச்ச நேரத்தில் மண்வெட்டியை எடுத்துச் சாணம் அள்ளினார். மூன்று மாடுகளும் பிழைத்துக்கொண்டன. விஷம் குளம்பில் இறங்கி ஒன்று மட்டும் நொண்டியது. அவர் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டார். யாரும் கும்பிடவில்லை.

திங்கட்கிழமை கிளினிக் திறந்தது. அக்கா வர மாட்டார் என்றே டாக்டர் நினைத்திருந்தார். ஒன்பது மணிக்கு வந்து, எப்போதும் போல் மேசையைத் துடைத்தார். முதல் ஆளாக ஒரு நாய்க்குட்டி வந்தது.

"இதுக்கு அரை மில்லி ஊசி போடுங்கக்கா."

அக்கா அலமாரியிலிருந்து ஒரு காகிதத்தையும் பேனாவையும் எடுத்து வந்து அவர் முன்னால் வைத்தார்.

"எழுதிக் குடுங்க சார்."

டாக்டர் எழுதினார். மருந்தின் பெயர், அளவு, கீழே தன் கையெழுத்து. அக்கா அதை இரண்டு தடவை படித்துவிட்டுத்தான் ஊசியைக் கையில் எடுத்தார்.