பூட்டிய அறையும் பித்தளைத் தாக்கோலும்

சதாசிவன் அண்ணனின் பூஜையறையில், சாமி படங்களுக்குக் கீழே தொங்கிய பித்தளைச் சாவிக்கு நான் சொன்ன விலை இருபத்தையாயிரம். எங்கள் பேச்சில் அது தாக்கோல். "விலைமதிக்க முடியாதது" என்றார் அண்ணன். அப்படிச் சொல்பவர்கள் முப்பதில் வந்து நிற்பார்கள் என்பது உதியன்குளங்கரையில் பழைய சாமான் கடை வைத்திருக்கும் எனக்குத் தெரியும். வாங்கும் ஆளும் தயார். கோட்டுகாலில் ரிசார்ட் நடத்துபவர்.

ஆனால் விற்கும் முன் அண்ணனுக்கு ஒன்று தெரிந்தாக வேண்டும். அவருடைய தாத்தா காவலிருந்த பழைய சுங்கக் கச்சேரியில் அது எந்தக் கதவைத் திறக்கும்?

ராஜா காலத்துக் கட்டடம். அரசாங்கம் வெள்ளையடித்து, ஞாயிறுதோறும் பார்வைக்குத் திறந்துவிடுகிறது. அடுத்த ஞாயிறு நானும் அண்ணனும் போனோம். ஆள் உயரத் தராசையும் தேக்குப் படிகளையும் காட்டிக்கொண்டு வந்த வழிகாட்டிப் பெண் ஆதிரா, மாடிக் கோடியில் பூட்டிய ஓர் அறைக் கதவின் முன் நின்றாள்.

"இந்த முறிக்குள்ள என்ன உண்டுன்னு ஆருக்கும் தெரியாது. தாக்கோல் காணல்ல. பூட்ட உடைக்கவும் பிடாது."

அண்ணனின் கை சட்டைப்பைக்குப் போனது. நான் அவரை ஒதுக்கிக்கொண்டு போனேன்.

"அண்ணே, சேந்துட்டுன்னா இது சர்க்காருக்க முதலாக்கும். சேரல்லேன்னா வெறும் பித்தளை. போட்டுப் பாக்காத வரதான் இருபத்தஞ்சு."

"உனக்க கமிஷன் போவுமேன்னுள்ள பயம், அதாக்கும் வெப்ராளம்."

"பின்ன இல்லாம?"

அவர் படியிறங்கத் தொடங்கினார். பாதியில் நின்றார்.

"எலே, உள்ள என்னதான் இருக்கும்?"

"வவ்வாலு இருக்கும். வாரும்."

"பூட்டுன முறிக்குள்ள வவ்வாலு எப்பிடிலே போவும்?"

வியாபாரம் அங்கேதான் முறிந்தது. உள்ளே என்ன என்று எனக்கும் பார்த்தாக வேண்டும் போலிருந்தது. திரும்பிப் போய், அண்ணனுக்கு முந்தி நான் கதவருகே நின்றேன்.

அண்ணன் போட்ட தாக்கோல் முக்கிக்கொண்டே திரும்பியது. ஆதிரா வாயைப் பொத்திக்கொண்டாள். உள்ளே தூசி, நடுவில் கன்றுக்குட்டி உயரத்தில் ஓர் இரும்புப் பெட்டி. மூடியில் சின்னதாக ஒரு சாவித் துளை. என் கை பழக்கத்தில் விலை பார்க்க நீண்டது.

"தொடப்பிடாது" என்ற ஆதிரா, தாக்கோலுக்காகக் கை நீட்டினாள். அண்ணன் கொடுத்துவிட்டார்.

"அங்கிள், பெட்டிக்க தாக்கோலும் வீட்டுல உண்டுமா?"

அண்ணன் என்னைப் பார்த்தார். "எலே, சாமி படத்துக்குப் பின்னால தேடிப் பாக்கணும்."

திரும்பும் வழியில் கணக்குப் போட்டேன். செலவு: தாக்கோல் ஒன்று, என் கமிஷன், பஸ் கூலி. வரவு: கதவு திறந்தது, வவ்வால் இல்லை. பாக்கி: பெட்டி ஒன்று.