தாயில்பட்டி அணி முழுநேரமான வருஷம்

முத்துப்பாண்டியால் பட்டாசு ஆலையின் வாசலைத் தாண்ட முடியாமல் போனது ஒரு புரட்டாசி மாதத் திங்கட்கிழமை. வலது காலை எடுத்து உள்ளே வைத்தால் அது தானாகத் திரும்பி வெளியே வந்து நின்றது. இடது காலும் அப்படியே. தாயில்பட்டியிலிருந்து வேலைக்கு வந்த வேறு பல ஆண்களுக்கும் அன்று இதுதான் நடந்தது. வாட்ச்மேன் முதலில் குடித்திருக்கிறார்கள் என்று நினைத்து வாயை ஊதச் சொன்னார். பிறகு எல்லோருக்கும் லீவு போட்டுவிட்டு டீ குடிக்கப் போனார். காரணம் ஊருக்கே தெரியும். முந்தின நாள் பகலில் முத்துப்பாண்டியின் மனைவி பானுப்பிரியா அவர்களை முழுநேரக் கால்பந்து வீரர்களாக ஆக்கியிருந்தாள்.

பானுப்பிரியா சிவகாசி அச்சகம் ஒன்றில் பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் டிசைன் செய்பவள். அங்கே கழித்துக்கட்டிய பழைய கம்ப்யூட்டரை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது அதற்குள் ஒரு கால்பந்து விளையாட்டு இருந்தது. அதில் பந்தை உதைக்க வேண்டியதில்லை. மேனேஜராக உட்கார்ந்து ஆள் சேர்க்கலாம், பயிற்சி கொடுக்கலாம், யார் எங்கே நிற்பது என்று சொல்லலாம். கடைசி டிவிஷனில் கிடந்த ஒரு கிளப்புக்கு அவள் தாயில்பட்டி என்று பேர் மாற்றினாள். ஆட்டக்காரர்களுக்கும் ஊர்க்காரர்களின் பேரையே போட்டாள். வாழ்நாளில் பந்தைத் தொட்டிராத புருஷனைக் கோல்கீப்பர் ஆக்கினாள். எல்லோரும் பகுதிநேர ஆட்டக்காரர்கள், வேறு வேலை பார்ப்பவர்கள், செவ்வாயும் வியாழனும் மட்டும் பயிற்சிக்கு வருவார்கள் என்று விளையாட்டே சொன்னது. அந்த இரண்டு நாட்களிலும் ஊரில் சில ஆண்களுக்குக் கெண்டைக்கால் கடுத்தது. வெயில் என்றார்கள்.

சங்கிலிமுத்துவின் கணுக்கால்தான் பானுப்பிரியாவுக்கு விஷயத்தைச் சொன்னது. அவர் அணியின் முன்கள ஆட்டக்காரர். திரையில் அவர் கால் பிசகி விழுந்த அதே நேரத்தில், வெம்பக்கோட்டை பஸ்ஸுக்காகச் சும்மா நின்றுகொண்டிருந்தவர் அலறிக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். விளையாட்டில் அவர் குணமாகும்வரை நிஜத்திலும் நொண்டினார். அதன் பிறகு அவளுக்கு மவுஸைத் தொடவே பயமாக இருந்தது. ஆனாலும் விடவில்லை. மேல் டிவிஷனுக்கு ஏறும் கிளப்பு முழுநேரக் கிளப்பாக மாறலாம், அப்போது ஆட்டக்காரர்கள் மற்ற வேலையை விட்டுவிட வேண்டும் என்று அதில் ஒரு விதி இருந்தது. முத்துப்பாண்டி ஆலையில் வெடிமருந்து கலக்குபவர். எத்தனை தடவை தேய்த்துக் கழுவினாலும் அவர் கையில் அலுமினியத் தூளின் வெள்ளிப்பூச்சு போகாது. பக்கத்து ஊர் ஆலையில் வெடித்த அன்று அவள் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் கட்டிலில் படுத்திருக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் மேட்ச் ஆடுவது என்று வைத்துக்கொண்டாள். திரையில் கோல்கீப்பர் பாயும்போதெல்லாம் அவர் உறக்கத்தில் புரண்டு விழுவார். எழுந்து திட்டிவிட்டு மறுபடி படுப்பார். மூன்று சீசன் இப்படிப் போயிற்று. மூன்றாவது சீசனின் கடைசி மேட்ச் ஆவணி மாதத்தில் வந்தது. ஜெயித்தால் மேல் டிவிஷன். முத்துப்பாண்டி முடி வெட்டப் போயிருந்தார். கத்திரி பட்டால் காதில் ஒரு கீறல்தானே என்று அவள் ஆட்டத்தைத் தொடங்கினாள். ஆட்டம் முடியச் சில நிமிடங்கள் இருக்கும்போது, ஒரு கோல் முன்னிலையில் இருந்த தாயில்பட்டிக்கு எதிராகப் பெனால்டி கொடுத்தார்கள். அப்போது போன் அடித்தது. முத்துப்பாண்டியின் தங்கை மாடத்தி அதே ஆலையில் திரி அடுக்குபவள்.

"மதினி, அண்ணனைத் தேடாதீக. தீபாவளி ஆர்டர் நிக்குதுன்னு போர்மேன் ரோட்டுலயே வண்டில ஏத்திக் கூட்டியாந்துட்டாரு. இங்கன மருந்து ரூமுலதான் இருக்காக."

பானுப்பிரியா போனைக் கீழே வைத்தாள். மருந்துக் குவியலின் முன்னால் குந்தியிருக்கும் மனிதர் இடப்பக்கம் பாய்ந்தால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். திரையில் எதிரணிக்காரன் பந்தை வைத்துவிட்டுப் பின்னால் நடந்துகொண்டிருந்தான். ஆட்டத்தை நிறுத்திவைக்கும் பொத்தான் வேலை செய்யவில்லை. பிளக்கைப் பிடுங்கினால் மூன்று சீசனோடு அந்த மனிதர்களும் எங்கே போவார்கள் என்று யாருக்குத் தெரியும்? ஆள் மாற்றும் பக்கத்தைத் திறந்து, முத்துப்பாண்டியை வெளியே எடுத்து, மாற்றுக் கோல்கீப்பர் மாரிக்கண்ணனை உள்ளே அனுப்பினாள். ஆலையில் முத்துப்பாண்டி சல்லடையைக் கீழே வைத்துவிட்டு, வெளியே வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார். அதே கணத்தில் டீக்கடையில் வடை தின்றுகொண்டிருந்த மாரிக்கண்ணன் இடப்பக்கம் முழு நீளத்துக்குப் பாய்ந்து கிளாஸ் தட்டின் மேல் விழுந்தார். பந்து அவர் விரல்நுனியில் பட்டு வெளியே போயிற்று. கடைக்காரர் சண்டைக்கு வரவே, பானுப்பிரியா ஓடிவந்து எல்லாவற்றையும் சொன்னாள். ஊரில் யாரும் சந்தேகப்படவில்லை. அத்தனை பேருக்கும் கால் வலித்திருந்தது.

ஜெயித்து மேல் டிவிஷனுக்கு ஏறிய கிளப்பு முழுநேரமாக மாற, புரட்டாசியில் சம்மதம் வந்தது. மற்ற ஆட்டக்காரர்கள் எல்லோரும் புது ஒப்பந்தத்துக்கு ஒத்துக்கொண்டார்கள். கோல்கீப்பர் மட்டும் மறுத்தார். வேறு வேலையை விட விருப்பமில்லை என்று அவர் பேருக்கு நேரே எழுதியிருந்தது.

"நான் ஒண்ணும் சொல்லலையே" என்றார் முத்துப்பாண்டி, சாப்பாட்டுத் தட்டின் முன்னாலிருந்து.

"நீங்க வாயால சொல்லலை. மனசுக்குள்ள சொல்லியிருக்கீக."

அவர் சோற்றைப் பிசைந்தார். "நான் போகலேன்னா அந்த ரூமுக்கு யாரை விடுவாக? மாடத்தியை விடுவாக. போர்மேன் முத்துக்கருப்பன் போன வாரமே கேட்டுட்டாரு. அவளுக்குக் கை நடுங்கும் பானு. வெங்காயம் நறுக்குனாலே விரலை வெட்டிக்கிடுவா."

போர்மேன் முத்துக்கருப்பன் கெட்டவரில்லை. கம்பெனி கேட்ட லோடு நேரத்துக்குப் போக வேண்டும், அவ்வளவுதான். அந்த அணியில் ஆண்களுக்குத்தான் இடம். பானுப்பிரியா அலுவலர்கள் பக்கத்தைத் திறந்து மாடத்தியைப் பிசியோவாகப் போட்டாள். மாடத்தியையும் கூப்பிட்டுச் சொன்னாள்.

"பிசியோன்னா என்ன செய்யணும் மதினி?"

"கால் பிசகுனா நீவி விடணும்."

"அம்புட்டுதானா?"

முத்துப்பாண்டி கை கழுவிவிட்டு வந்தபோது திரையில் அவர் பேருக்கு நேரே எழுத்து மாறி, சம்மதம் என்று வந்திருந்தது. அவள் பொத்தானை அழுத்தினாள். மறுநாள்தான் ஆலை வாசலில் கால்கள் திரும்பின.

அன்றிலிருந்து அணி ஆனைக்குட்டம் அணையின் காய்ந்த பக்கத்தில் பயிற்சி செய்தது. சம்பளம் வாராவாரம் வங்கியில் ஏறியது. கேட்டால் கிளப்பு போட்டிருக்கிறது என்றார்கள். எதிரணிகள் பஸ்ஸில் வந்திறங்கின. அவர்களுக்குக் கண்ணும் மூக்கும் சரியாக வரையப்பட்டிருக்கவில்லை. ஆனால் மரியாதையாகக் கைகுலுக்கினார்கள், கொடுத்த மோரைக் குடித்தார்கள். ஆலைக்குக் கம்பெனி வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்தது. மருந்து ரூமுக்கு ஒருவர் வந்தார் என்று தெரிந்ததும் பானுப்பிரியா அவரை அணியில் சேர்த்தாள். மாசிக்குள் கிளப்பில் புது ஆட்டக்காரர்களைத் தேடுபவர், சமையல்காரர், துணி துவைப்பவர் எல்லாம் இருந்தார்கள். சித்திரையில் கடைசியாக வந்த ஆள், பாதி கலக்கிய மருந்தை அப்படியே விட்டுவிட்டு எழுந்து பயிற்சிக்கு வந்துவிட்டார். மீதியைத் தானே போய்க் கலக்கப்போவதாக முத்துக்கருப்பன் டீக்கடையில் சொன்னார். அன்று சாயங்காலமே அவள் அவரை மைதானக் காப்பாளராகப் போட்டாள். மறுநாள் வாசலில் அவர் கால் திரும்பியது. தன் செருப்பைப் பார்த்தவர், மைதானத்தில் கோடு போடச் சுண்ணாம்பு வாளியைத் தேடிப் போனார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அணையில் மேட்ச் நடந்துகொண்டிருந்தபோது சத்தம் கேட்டது. முதலில் தரை அதிர்ந்தது. பிறகு தாயில்பட்டிப் பக்கம் வெள்ளைப் புகை எழுந்தது. பானுப்பிரியா கம்ப்யூட்டரை விட்டுவிட்டு, கிடைத்த வண்டியில் ஏறி அணைக்கு வந்தாள். மாடத்தி மைதானத்துக்குள் ஓடி ஒவ்வொருவராகத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இருக்கீகளா? எல்லாரும் இங்கனதானே இருக்கீக?" என்று கேட்டதையே கேட்டாள். ஆட்டக்காரர்களும், வேடிக்கை பார்க்க வந்த வாட்ச்மேனும், ஆலையின் மற்ற பெண்களும், எல்லோரும் இருந்தார்கள். முத்துக்கருப்பன் சுண்ணாம்புக் கோட்டின் மேலேயே உட்கார்ந்து அழுதார். எதிரணி ஒதுங்கி நின்று காத்திருந்தது. கடைசியில் நடுவர் மெதுவாக விசில் ஊதினார். முத்துப்பாண்டி பந்தை வைத்தார். அது உருண்டது, இரண்டாம் முறை வைத்தார். பிறகு பின்னால் நடந்து வந்து ஓங்கி உதைத்தார்.

சூலக்கரை மாவட்ட ஆபீஸிலிருந்து விசாரிக்க வந்த அதிகாரிகள், மருந்து ரூம் இருந்த பள்ளத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, வேலை பாதியில் கிடந்த ஆலையில் அன்று ஏன் ஒருத்தர்கூட இல்லை என்று கேட்டார்கள்.

"எங்களுக்கு மேட்ச் இருந்துச்சு சார்" என்றார் முத்துக்கருப்பன்.

அவர்கள் அதை அப்படியே எழுதிக்கொண்டு போனார்கள்.