அழைப்பு வந்துவிட்டது

பல் ஆஸ்பத்திரி வரவேற்பு மேஜையில் எனக்கு ஒரே வேலை, வருகிறவர்களைக் காக்க வைப்பது. டாக்டர் என் வீட்டுக்காரர். உள்ளே அவர் பல்லைப் பிடுங்குவார், வெளியே நான் பொறுமையைப் பிடுங்குவேன். "உக்காருங்க, கூப்பிடுறோம்" என்பதை எத்தனை ராகத்தில் சொல்ல முடியுமோ அத்தனையிலும் சொல்லியிருக்கிறேன். அதனால்தான் கடிகாரக் கடைப் பெண் "சார், உங்களுக்கு அழைப்பு வரும்" என்று சிரித்தபோதே எனக்குப் புரிந்துவிட்டது. இப்போதைக்கு வராது.

அவருக்கு ஒரே ஒரு கைக்கடிகாரத்தின் மேல் ஆசை. நீல முகம், ஸ்டீல் செயின். நாள் முழுக்கக் கை கழுவிக் கையுறை மாட்டுகிற தொழிலில் மணிக்கட்டில் எதையும் கட்ட முடியாது. ஓய்வு பெற்றதும் கட்டுவேன், கட்டினால் அதைத்தான் கட்டுவேன் என்று கல்யாணமான புதிதிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார்.

ஓய்வு நெருங்கியதும் கடைக்குப் போனோம். அது கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. விற்பனைக்கு இல்லையாம், பார்வைக்கு மட்டுமாம்.

"கம்பெனியிலேருந்து ரொம்பக் குறைவாத்தான் வருது சார்."

"லிஸ்டுல நான் எத்தனாவது?"

"நம்பரெல்லாம் கிடையாது சார். உங்க விருப்பத்தைப் பதிஞ்சுக்குறோம்."

பிறகு குரலைத் தாழ்த்தி, கடையில் வேறு ஏதாவது வாங்கியவர்களுக்கு முன்னுரிமை உண்டு என்றாள். இவர் உடனே, நான் கேட்காத ஒரு லேடீஸ் வாட்சை வாங்கி என் கையில் கட்டினார்.

"தங்கச்சியைக் கேட்டுப் போனா அக்காவைக் கட்டி அனுப்பின கதையா இருக்கு" என்றேன்.

"அக்காவும் அழகாத்தான் இருக்கா" என்றார் மனிதர். அந்தப் பெண் அவர் மணிக்கட்டை அளந்து குறித்துக்கொண்டாள். அப்போது அது பருத்த கை.

கடிகாரத்துக்கு முன்னால் வியாதி வந்துவிட்டது. அதற்கு லிஸ்ட் கிடையாது. கல்லீரலில் தொடங்கி எங்கெங்கோ பரவி, இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். ஆஸ்பத்திரியை மூடினோம். போன் அடிக்கும்போதெல்லாம் கட்டிலிலிருந்து குரல் வரும், "அழைப்பு வந்துச்சா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கையைத் தூக்க முடியாத மனிதனுக்குக் கடிகாரம் ஒரு கேடா என்று சமையலறைக்குள் போய்த் திட்டுவேன். திட்டிவிட்டு அங்கேயே அழுவேன். இவர் கண்ணை மூடுவதற்குள் அது வந்துவிட வேண்டுமே என்ற பதைப்பு இவரைவிட எனக்குத்தான் அதிகம். கடைக்கு எத்தனை முறை பேசினாலும் ஒரே பதில். "கூப்பிடுவோம் மேடம்."

ஒரு நாள் காலையில் நிஜமாகவே கூப்பிட்டார்கள். வாங்கிப் பதுக்கி விற்கிறவர்கள் பெருத்துவிட்டார்களாம், பதிந்தவரே நேரில் வந்து கையில் கட்டிக்கொண்டுதான் போக வேண்டுமாம். இன்று வராவிட்டால் அடுத்தவருக்குப் போய்விடும். இவரைத் தூக்கிக் காரில் வைக்க ஆள் வேண்டுமே என்று நாத்தனாருக்கு, இவருடைய அக்காவுக்கு, போன் போட்டேன். மூச்சு வாங்கியது, அழுகையும் வந்தது.

"அண்ணி, அவருக்கு அழைப்பு வந்துடுச்சு. உடனே வாங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

சலவைச் சட்டை மாட்டி, நாற்காலியில் சாய்த்து, தலை வாரிவிட்டுக்கொண்டிருந்தேன். மாடிப்படியில் ஒப்பாரி கேட்டது. "என் ராசா, என்னை விட்டுட்டுப் போயிட்டியாடா!" மாரில் அடித்துக்கொண்டு வந்த நாத்தனார், தம்பியைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டாள். பின்னால் அவள் வீட்டுக்காரர் ஈரக் கண்ணோடு விழித்தார்.

"இன்னும் கிளம்பலக்கா" என்றார் இவர். "கார் வரணும்."

நால்வரும் சிரித்தோம். நாத்தனார் என் முதுகில் ஒன்று வைத்தாள். "வாட்சுன்னு ஒரு வார்த்தை சொன்னா வாயில இருக்குற முத்து உதிர்ந்துடுமாடி?" இவருக்குச் சிரிப்பு இருமலாக மாறி, அது நிற்க வெகுநேரமாயிற்று.

கடைப் பெண் இவரைப் பார்த்துவிட்டு, எங்கள் பின்னால் அந்தப் பழைய டாக்டரைத் தேடினாள். பிறகு முகம் மாறியது. கடிகாரத்தைக் கட்டிவிட்டாள், அது வழுக்கிக்கொண்டு விரல் வரை இறங்கியது. செயினில் ஒரு கண்ணியைக் கழற்றினாள். இன்னொன்றைக் கழற்றினாள். மறுபடியும் கட்டிப் பார்த்து, மறுபடியும் கழற்றினாள். கடைசியில், "இதுக்கு மேல எடுக்க முடியாது சார்" என்று தலையைக் குனிந்துகொண்டாள்.

"போதும்மா. சரியா இருக்கு."

சரியாக இல்லை. கையை மடியில் வைத்து, கடிகாரம் நழுவாமல் மறு கையால் பிடித்துக்கொண்டார். கழற்றிய கண்ணிகளை ஒரு சின்னப் பையில் போட்டுக் கொடுத்தார்கள்.

"பத்திரமா வை" என்றார் காரில். "உடம்பு தேறினதும் திரும்பப் போட்டுக்கணும்."

"போட்டுக்கலாங்க" என்றேன். உக்காருங்க, கூப்பிடுறோம் என்கிற அதே குரல். காலமெல்லாம் கதவுக்கு அந்தப் பக்கம் இருந்து அதைக் கேட்டவர் அவர். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அதன் பிறகு சுவர்க் கடிகாரத்தை நான் பார்க்கவே இல்லை. தண்ணீர் கொடுக்கும்போது, மாத்திரை கொடுக்கும்போது, "மணி என்னங்க?" என்று அவரைத்தான் கேட்பேன். மெதுவாகக் கையைத் திருப்பிப் பார்த்துச் சொல்வார். அதில் ஒரு பெருமை இருந்தது. ஒரு மத்தியானம் கேட்டேன், சொல்லவில்லை. முழங்கைப் பக்கம் ஏறிப்போயிருந்த கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது.

நாத்தனாருக்குப் போன் போட்டேன். செத்துப்போனார் என்ற சொல் என் வாயில் வரவில்லை.

"அண்ணி, அவருக்கு அழைப்பு வந்துடுச்சு."

"மறுபடியுமா?" என்று அவள் சிரித்தாள். "இந்தத் தடவை நான் ஏமாற மாட்டேன்டி. இப்ப எந்த வாட்சு?"