பாதி பெல்ட்

சத்யநாராயணனுக்கு வேலையே காரை மோதவிட்டுப் பார்ப்பதுதான். பொம்மை மனிதர்களுக்கு பெல்ட் மாட்டி, சுவரில் மோதவிட்டு, அடிமுதுகு என்ன பாடுபடுகிறது என்று அளப்பார். சம்பளம் வாங்கிக்கொண்டு கார் உடைக்கிற ஆள் என்று சொந்தக்காரர்கள் அவரைக் கேலி செய்வார்கள். பின் சீட்டில் உட்கார்ந்தாலும் பெல்ட் போடச் சொல்லி எல்லோர் உயிரையும் எடுப்பவர்.

அன்று அவர் மனைவி சாவித்ரியின் தங்கை மகளுக்குத் தாம்பரத்தில் நிச்சயதார்த்தம். முன் சீட்டைச் சீர்த்தட்டுகள் பிடித்துக்கொண்டதால் சாவித்ரி பின்னால் ஏறினாள். பட்டுப்புடவையைத் தோளில் மடித்துப் பின் குத்த அரை மணி நேரம் ஆகியிருந்தது.

"இந்தப் பட்டை தோள்ல அழுத்தினா மடிப்பெல்லாம் கசங்கிடும். எனக்கு வேண்டாம்."

"இடுப்புப் பட்டையாவது இருக்கட்டும்," என்று தோளில் வரும் பட்டையை எடுத்து அவள் முதுகுக்குப் பின்னால் தள்ளிவிட்டவர் சாட்சாத் சத்யநாராயணன்தான். கீழ்ப்பட்டை இடுப்பெலும்பில் உட்காராமல் கொசுவத்துக்கு மேலே ஏறி வயிற்றில் நின்றது. பார்த்தார். நேரமாகிவிட்டதே என்று கதவைச் சாத்தினார்.

தாம்பரம் சானடோரியம் தாண்டியதும் முன்னால் போன தண்ணீர் லாரி திடீரென்று நின்றது. பிரேக்கை மிதித்தும் போதவில்லை. டமாரென்ற சத்தம், முகத்தில் ஏர்பேக், வெள்ளைப் புகை. அலறிக்கொண்டு திரும்பினால், சாவித்ரி தலையில் வைத்த பூகூட உதிராமல் உட்கார்ந்திருந்தாள்.

"ஒண்ணுமில்லீங்க. வயிறுதான் எரியுது."

அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அதற்குள் கூட்டம் கூடிவிட்டது. ஷேர் ஆட்டோக்காரர் ஒருவர் கதவைத் திறந்து, "கைய குடுக்கா, தூக்கி நம்ம வண்டில போட்டுக்கினு போய்டலாம்," என்று அவள் அக்குளில் கை கொடுத்தார்.

"இருப்பா, நானே இறங்கறேன்," என்றவள் நகரவில்லை. "ஏங்க, கால் ரெண்டும் மரத்துப் போன மாதிரி இருக்கு."

அசைத்தால் முதுகெலும்பு என்னாகும் என்று சத்யநாராயணனுக்குத் தெரியும். "தொடாதே! யாரும் தூக்காதீங்க!" என்று கத்தினார்.

"இன்னா சார் நீ? பொண்டாட்டிய இப்டியே வுட்டுடுவியா?"

கூட்டம் அவரைத் திட்டித் தீர்த்தது. ஆம்புலன்ஸ்காரர்கள் பலகையோடு வரும்வரை அவர் கதவை மறித்துக்கொண்டு நின்றார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஸ்கேன் படத்தைக் காட்டினார். அடிமுதுகில் ஒரு எலும்பு குறுக்கே இரண்டாகப் பிளந்திருந்தது. "பெல்ட் எப்படிப் போட்டிருந்தாங்க?"

இதே மாதிரிப் படத்தை வைத்து சத்யநாராயணன் எத்தனையோ பேருக்குப் பாடம் எடுத்திருக்கிறார். பட்டை வயிற்றில் நின்று தோளில் பிடிமானமும் இல்லாவிட்டால், உடம்பு அதன்மேல் இரண்டாக மடங்கும், முதுகெலும்பு பின்பக்கமிருந்து விரிந்து பிளக்கும். மறைக்காமல் சொன்னார். டாக்டர் அதைக் குறித்துக்கொண்டார். "ஆபரேஷன் பண்ணிடலாம். நடப்பாங்களான்னு இப்ப சொல்ல முடியாது."

நிச்சயதார்த்தத்துக்கு வந்தவர்கள் பட்டும் நகையுமாக ஓடிவந்து கட்டிலைச் சூழ்ந்தார்கள். சாவித்ரிக்குப் பேச்சு மட்டும் குறையவில்லை.

"இவர் பிடிவாதமா பெல்ட் போட வச்சாரே, அதனாலதான் பொழச்சேன். இல்லேன்னா என்ன ஆயிருக்கும்?"

எல்லோரும் அவரை நன்றியோடு பார்த்தார்கள். அவர் கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்தார்.

"ஏங்க அங்கயே நிக்கறீங்க?" என்றாள் சாவித்ரி. "வந்ததுலேர்ந்து என்னைத் தொடக்கூட இல்லை."

போர்வைக்கடியில் அவருடைய இரண்டு கைகளும் அவள் பாதத்தை இறுக்கிப் பிடித்திருந்தன.