நாலாவது கெமரா

மரத்தில் கட்டிவைத்த, தானாகவே படம் எடுக்கும் மூன்றாவது கெமராவையும் கல்லால் அடித்து நொறுக்கியிருந்தார்கள். கலஹாவுக்கு மேலே, தேயிலை முடிந்து காடு தொடங்கும் இடம் அது. பன்றிக்குக் கம்பிச் சுருக்கு வைக்கிறவர்களின் வேலைதான், எனக்குத் தெரியும். இரும்புப் பெட்டி போட்டுப் பூட்டியாயிற்று, இலை தழை கட்டி மறைத்தாயிற்று, ஒன்றும் சரிவரவில்லை. சிறுத்தைகளை ஆராயும் ரஸீன் சேரிடம் இன்னொரு தடவை ஏச்சு வாங்க என்னால் முடியாது. எரிச்சலில் ஒரு வேலை பார்த்தேன். நாலாவது கெமராப் பெட்டிக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, சிவப்புத் துணி சுற்றி, மரத்தடியில் ஒரு சூலத்தையும் நட்டுவிட்டேன். தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்தவனுக்கு இதுகூடத் தெரியாதா?

அடேயப்பா, அதற்குப் பிறகு ஒருத்தன் கைவைக்கவில்லை. ஐந்து மாதம்! சிறுத்தை வந்தது, குட்டியோடும் வந்தது. வேறு இடங்களில் கட்டியிருந்த கெமராக்களெல்லாம் பனியிலும் சேற்றிலும் மங்கிப்போக, இது மட்டும் பளிச்சென்று படம் எடுத்தது. "எப்பிடி பிரதீஸ் இவ்வளவு சுத்தமா வெச்சிக்கிறீங்க?" என்று சேர் கேட்டார். இரண்டு கிழமைக்கொரு தடவை மெமரி காட் மாற்றப் போவதோடு சரி, நான் கெமராக் கண்ணாடியைத் தொட்டதே இல்லை. ஆனாலும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

ஆட்களும் படத்தில் விழுந்தார்கள். முக்கியமாக வெள்ளிக்கிழமைகளில், கீழ் லயத்துக் கஜலட்சுமி அக்கா. "மனிசர்ட படம் வந்தா பாக்காம அழிச்சிருங்க" என்பது சேரின் கட்டளை. நல்ல கட்டளைதான். அப்படியும் முதல் சில படங்களைப் பார்த்தேன். கும்பிட்டுவிட்டு, நாடியைத் தூக்கிக்கொண்டு கெமராவுக்கு நேரே நின்றாள். என்ன பக்தியடா சாமி என்று சிரித்துவிட்டு அழித்தேன். பிறகு பார்க்காமலே அழித்தேன்.

போன கிழமை கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குப் பக்கத்தில் அவளே எதிரே வந்தாள். குரல் கம்மிப்போயிருந்தது. என்னவென்று கேட்டதும் கழுத்துத் துண்டை விலக்கினாள். எலுமிச்சம்பழம் அளவு கட்டி.

"ஆஸ்பத்திரிக்குப் போனீங்களா அக்கா?"

"எதுக்கு தம்பி? மேல சாமி பாத்துக்கிட்டுத்தான இருக்கு. விடியக்காலம் போய் நின்னா கண்ணு செவப்பா எரியும். வேற எந்தச் சாமி அப்பிடி முழிச்சுப் பாக்குது?"

அது இருட்டில் படம் எடுப்பதற்கான விளக்கு. சொல்லியிருக்க வேண்டும். கோழைப்பயல் நான். மறுநாள் போய், அந்தச் சாமி என் கனவில் வந்து அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகச் சொன்னதாக இன்னொரு பொய் சொன்னேன். உடனே சேலை மாற்றிக்கொண்டு பஸ் ஏற வந்துவிட்டாள்.

பேராதனை ஆஸ்பத்திரியில் டொக்டர் அம்மா கட்டியை அழுத்திப் பார்த்தார். "இவ்வளவு நாளா ஏன் ஒருத்தர்கிட்டயும் காட்டல்ல?"

"அஞ்சு மாசமா காட்டிக்கிட்டுத்தாங்க இருக்கேன்," என்றாள் அக்கா.

டொக்டர் என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன். இன்னும் முந்தி வந்திருக்கலாம் என்று மட்டும் சொல்லி, அவளை வார்ட்டில் சேர்த்தார்.

நேற்றுக் கெமராவைக் கழற்றப் போனேன். மிச்சமிருந்த படங்களை அங்கேயே, அதன் சின்னத் திரையில் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அவள் கடைசியாக வந்த வெள்ளிக்கிழமை. முதல் படம் முழுக்கப் பனி, மங்கல். அடுத்தது முழுக்கச் சேலைத் துணி, நூல் நூலாகத் தெரியும் அளவுக்குக் கிட்ட. மூன்றாவதில் கண்ணாடி பளிச்சென்று இருந்தது. துடைத்த முந்தானையைக் கையில் பிடித்தபடி, அவள் நாடியைத் தூக்கி நின்றாள்.